‘இதர’ என்ற கட்டம்



பொங்கல் விழாப் பந்தியில் என் பக்கத்தில் நம் சங்கத்து இளைஞர் ஒருவர் உட்கார்ந்தார். கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் வேலை பார்ப்பவர். தன் அலுவலகத்தில் அட்டவணை வகை டேட்டாபேஸிலிருந்து ‘நோ எஸ்.க்யூ.எல்.’ எனப்படும் வகைக்கு மாறிவிட்டதாகவும், அதற்குள்ளேயே தேடும் வசதி இருப்பதால் புள்ளிவிவர ஆய்வு சுலபமாகிவிட்டதாகவும் சொன்னார். பிறகு, “உங்களுக்கு இதெல்லாம் போரடிக்கும் மாமா” என்று சிரித்தார்.

எனக்குப் போரடிக்கவில்லை. முப்பது வருடங்களுக்கு முந்தைய ஒரு லாக் புக்தான் நினைவுக்கு வந்தது. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, ஆயுளில் பெரும்பகுதியை டீசல் ஷெட்டுகளில் கழித்தவன். கணிப்பொறியை முறையாகப் படித்தவன் அல்லன். ஆனால் அந்த இளைஞர் சொன்ன விஷயம் எதற்குப் பயன்படும் என்பது, அது இல்லாமல் கஷ்டப்பட்டவன் என்ற முறையில், எனக்குப் புரிந்தது. அதை நம் வாசகர்களுக்கும் விளங்கும்படி சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

1994-ஆம் ஆண்டு. மத்திய இந்தியாவில் ஒரு டீசல் ஷெட்டில் நான் சார்ஜ்மேன். எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின்கள். பதினாறு சிலிண்டர், 2600 குதிரைத் திறன். இந்த எஞ்சின் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் அளவு மிகவும் குறைந்தால் ஒரு ஸ்விட்ச் எஞ்சினைத் தானே நிறுத்திவிடும். வெளியே கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே கசிந்து எண்ணெயில் கலந்தால் பேரிங்குகள் கெட்டுப்போகும்.

வண்டியை ஒப்படைக்கும் டிரைவர், வழியில் கண்டதை லாக் புக்கில் எழுதுவார். ஷெட்டில் கிளார்க் அதைப் படித்து, பெரிய லெட்ஜரில் உரிய கட்டத்தில் ஒரு கோடு போடுவார். கவர்னர், டர்போ, எரிபொருள் பம்ப், டிராக்‌ஷன் மோட்டார், கம்ப்ரெஸர், பிரேக் என்று கட்டங்கள். எதிலும் சேராதது ‘இதர’ என்ற கடைசிக் கட்டத்துக்குப் போகும். மாதக் கடைசியில் கோடுகளைக் கூட்டி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவோம்.

அந்த ஆண்டு ஓர் எஞ்சின் சரக்கு வண்டியோடு ஏற்றத்தில் நின்றுபோனது. எண்ணெயில் தண்ணீர், பேரிங்குகள் சேதம். விசாரணைக்கு மூன்று பேரை நியமித்தார்கள். அதில் நானும் ஒருவன். கடைசியாக அந்த எஞ்சினின் பராமரிப்பில் கைவைத்த ஃபிட்டர் சீலைச் சரியாகப் பொருத்தவில்லை என்று முடிவு கட்டினோம். அவருக்கு ஓராண்டு இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டது. அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பல மாதங்கள் கழித்துப் பழைய லாக் புக்குகளைக் கட்டி அறைக்கு அனுப்பும் வேலை என்னிடம் வந்தது. புரட்டிப் பார்த்தேன். ஒரு டிரைவர் ஆங்கிலத்தில் ‘வாட்டர் டாப் அப்’ என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் இந்தியில் ‘பானி டாலா’ என்று எழுதியிருக்கிறார். மூன்றாமவர் மராத்தியில் அதையே வேறு விதமாக எழுதியிருக்கிறார். நான்காமவர் தண்ணீர் என்ற சொல்லே இல்லாமல், ‘எக்ஸ்பான்ஷன் டேங்க் கேஜ் காலி’ என்று எழுதியிருக்கிறார். எல்லாமே ‘இதர’ கட்டத்தில் தனித்தனிக் கோடுகளாகப் போயிருந்தன. தேதியைப் பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது. முதல் குறிப்பு, அந்த ஃபிட்டர் எஞ்சினில் கைவைத்த நாளுக்கு ஒன்பது நாள் முன்னால் எழுதப்பட்டது. கோளாறு அவர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

மேலே எழுதினேன். மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். டீ கொடுத்தார். “அப்போதே படித்திருக்கலாமே சாப்” என்று மட்டும் சொன்னார். அந்தக் காலாண்டில் ஆறு எஞ்சின்களுக்கு எழுதப்பட்ட 312 குறிப்புகளையும் மாலை நேரங்களில் உட்கார்ந்து இரண்டு நோட்டுப் புத்தகங்களில் நகல் எடுத்தேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

கட்டம் போட்ட தாளும் கோப்பு உறையும்

இனி விஷயத்துக்கு வருவோம். 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் எட்கர் காட், தகவல்களையெல்லாம் வரிசையும் பத்தியும் கொண்ட அட்டவணைகளாக வைத்து, அவற்றைப் பொதுவான எண்களால் ஒன்றோடொன்று இணைக்கலாம் என்று ஒரு கட்டுரையில் விளக்கினார். வங்கிக் கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் இன்றும் பெரும்பாலும் இந்த முறையில்தான் ஓடுகின்றன. கணக்கில் ஒரு பைசா பிசகாமல் இருக்க இதைவிட நல்ல முறை கிடையாது.

ஆனால் இதில் கட்டங்களை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். வட இந்தியாவில் குடியேறிய நமக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு இருப்பதோ அப்பா பெயரின் முதலெழுத்து. விட்டால் விண்ணப்பத்தை ஏற்க மாட்டார்கள். நிரப்பினால் அப்பாவே பிள்ளையின் ‘குடும்பப் பெயர்’ ஆகிவிடுவார். கட்டத்துக்கு ஏற்றபடி மனிதன் மாற வேண்டியிருக்கிறது. எங்கள் லெட்ஜரில் டிரைவரின் வாக்கியங்கள் ‘இதர’ ஆனதும் இதே கதைதான்.

இதற்கு மாற்றாக வந்தவற்றில் ஒரு வகை, ஆவண வகை டேட்டாபேஸ். 2009-ல் வெளிவந்த மாங்கோ டிபி இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். ஒவ்வொரு பதிவும் ஒரு கோப்பு உறை மாதிரி. ஓர் உறையில் எஞ்சின் எண், தேதி, டிரைவர் எழுதிய நான்கு வரி இருக்கலாம். இன்னொன்றில் கூடுதலாக எண்ணெய்ப் பரிசோதனை முடிவும் இருக்கலாம். எல்லா உறையிலும் ஒரே மாதிரித் தாள்கள் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. எழுதியது எழுதியபடியே உள்ளே போகும்.

சரி, உறைக்கு உறை வேறு மாதிரி இருந்தால் எண்ணுவது எப்படி? ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பதென்றால், நான் இரண்டு நோட்டுப் புத்தகம் எழுதிய கதைதான். இங்கேதான் தேடல் வருகிறது.

டைம் டேபிளின் பின்பக்கம்

‘ட்ரெயின்ஸ் அட் எ க்ளான்ஸ்’ புத்தகத்தை நம்மில் பலர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் புரட்டியிருப்போம். அதில் ஸ்டேஷன் பெயர்களின் அகர வரிசை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எதிரே, அது எந்தெந்த அட்டவணையில் வருகிறது என்று எண்கள் இருக்கும். நாக்பூருக்கு எதிரே உள்ள எண்களையும் விஜயவாடாவுக்கு எதிரே உள்ள எண்களையும் ஒப்பிட்டு, இரண்டிலும் பொதுவாக இருக்கும் எண்ணைப் பிடித்தால் போதும். முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டாம்.

கணிப்பொறியின் தேடலும் இதே வேலைதான். பதிவு உள்ளே வரும்போதே அதை வார்த்தை வார்த்தையாகப் பிரித்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரே அது வரும் பதிவுகளின் எண்களை எழுதி வைத்துக்கொள்ளும். இதைத் தலைகீழ் அட்டவணை என்கிறார்கள். சாதாரணமாக, பதிவைத் திறந்தால் வார்த்தை தெரியும். இங்கே வார்த்தையைத் திறந்தால் பதிவுகள் தெரியும். ‘பானி’, ‘டேங்க்’ இரண்டும் வரும் பதிவுகள் வேண்டுமென்றால் இரண்டு எண் வரிசைகளையும் ஒப்பிடுவதுதான் வேலை.

எந்தப் பதிவை முதலில் காட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எல்லாக் குறிப்பிலும் வரும் ‘எஞ்சின்’ என்ற சொல்லால் எதையும் பிரித்தறிய முடியாது. அபூர்வமாக வரும் ‘விரிசல்’ என்ற சொல்லுக்கு எடை அதிகம். இந்த எண்ணத்தை 1972-ல் முறையாக வகுத்துச் சொன்னவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. இன்றைய தேடல்களிலும் அது அடித்தளமாக இருக்கிறது.

1999-ல் டக் கட்டிங் என்பவர் லூசீன் என்ற தேடல் மென்பொருளை எழுதினார். இதன்மேல் கட்டப்பட்டு 2010-ல் வந்தது எலாஸ்டிக் சர்ச். அதை எழுதிய ஷே பேனன், தம் மனைவி சமையற்கலை படித்தபோது அவருடைய சமையல் குறிப்புகளைத் தேட ஒரு மென்பொருள் செய்யப்போய்த் தொடங்கிய வேலையாம் இது. நம் வீட்டுப் பெண்கள் இதைப் படித்துவிட்டு வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்க்கலாம்.

உள்ளேயே இருப்பதால் என்ன லாபம்?

தேடலைத் தனி மென்பொருளாகவும் வைத்துக்கொள்ளலாம். தகவல் ஓரிடம், தேடல் அட்டவணை வேறிடம். ஆனால் ரயில்வேக்காரனுக்கு இரண்டு ரிஜிஸ்டர் என்றாலே வயிற்றைக் கலக்கும். பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களின் ரிஜிஸ்டர்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அப்படியே, இங்கே திருத்திய பதிவு அங்கே பழையபடி இருக்கும். இங்கே அழித்தது அங்கே உயிரோடு இருக்கும். இரண்டையும் சமமாக வைத்திருக்கத் தனியாக ஆள் வேண்டும், தனியாக நிரல் வேண்டும்.

ஆகவே டேட்டாபேஸ் செய்பவர்கள் தேடலை உள்ளேயே கொண்டுவந்தார்கள். மாங்கோ டிபியில் 2013-ல் சொல் தேடும் வசதி சேர்க்கப்பட்டது. பிற்பாடு அதன் கிளவுட் சேவையில் லூசீனையே இணைத்துக்கொண்டார்கள். எலாஸ்டிக் சர்ச்சோ தேடலையே அஸ்திவாரமாகக் கொண்டு பதிவுகளையும் சேமிப்பது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. தேடல் என்றால் ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது என்றுதான் நினைக்கிறோம். ஆய்வுக்குத் தேவை கண்டுபிடிப்பது மட்டும் அல்ல, எண்ணுவதும்தான். ‘பானி’ என்று கேட்டால் பதிவுகளைக் காட்டுவதோடு, அவை எஞ்சின் வாரியாக எத்தனை, வாரம் வாரியாக எத்தனை, டிரைவர் வாரியாக எத்தனை என்ற கூட்டுத்தொகைகளையும் அதே வேகத்தில் கொடுக்கும். கட்டம் கட்டாத வாக்கியங்களிலிருந்து, பிற்பாடு நமக்குத் தோன்றும் கேள்விக்கு ஏற்பக் கட்டம் கட்டிக்கொள்ளலாம். 1994-ல் எங்களிடம் இல்லாதது இதுதான்.

வீட்டில் செய்து பார்த்தேன்

என் மருமகள் இந்தத் துறையில் இருப்பவள். அவள் உதவியோடு வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் எலாஸ்டிக் சர்ச்சை நிறுவி, இரண்டு நோட்டுப் புத்தகங்களின் 312 குறிப்புகளையும் உள்ளது உள்ளபடி தட்டச்சு செய்தேன். மூன்று வாரம் பிடித்தது.

முதலில் ‘வாட்டர்’ என்று தேடினேன். 9 குறிப்புகள் வந்தன. எனக்கு ஏமாற்றம். “மாமா, அதற்கு இங்கிலீஷ் வாட்டர் மட்டும்தான் தெரியும். மற்றதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்” என்றாள். ஒரு பொருள் தரும் சொற்களின் பட்டியல் ஒன்றை எழுதினோம். இந்திச் சொல், மராத்திச் சொல், ‘டாப் அப்’, ‘கேஜ் காலி’ எல்லாம் சேர்த்தோம். இப்போது 27 வந்தன. அவற்றில் மூன்று, கேபினில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்ற புகார்கள்! அவற்றை நீக்கினால் 24.

எஞ்சின் வாரியாகப் பிரித்தோம். நின்றுபோன எஞ்சினுக்கு 11. அவற்றில் மூன்று, ஃபிட்டர் கைவைத்த தேதிக்கு முந்தியவை. இது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றும் வந்தது. இன்னோர் எஞ்சினுக்கு 8 குறிப்புகள். மற்ற நான்குக்கும் சேர்த்து 5தான். அந்த இரண்டாவது எஞ்சினும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அத்தனை குறிப்பையும் என் கையால் நகல் எடுத்தவன் நான். ஆனால் ஒரே எஞ்சினை மனதில் வைத்துக்கொண்டு எழுதியதால் இதைக் கவனிக்கவே இல்லை. மெஷினுக்கு அந்தப் பாரபட்சம் இல்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

இதை மந்திரக்கோல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முதலாவது, மொழி. தேடல், நாம் கற்றுக்கொடுத்த அளவுக்குத்தான் மொழி அறியும். ‘தண்ணீர்’ என்று தேடினால் ‘தண்ணீரை’, ‘தண்ணீரில்’ என்று நான் எழுதியவை முதலில் வரவில்லை. வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டதும் அதற்கு அது வேறு சொல். மாங்கோ டிபியின் பழைய சொல் தேடலுக்குத் தெரிந்த மொழிகளில் தமிழ் கிடையாது. லூசீனில் இப்போது தமிழ்ச் சொற்களின் அடிச்சொல்லைப் பிரிக்கும் பகுதி இருக்கிறது. அதைப் பொருத்த வேண்டும் என்று தெரிந்து பொருத்தினால்தான் பலன். இல்லாவிட்டால் பாதிப் பதிவுகள் விடுபட்டிருக்கும். விடுபட்டது என்று மெஷின் சொல்லாது.

இரண்டாவது, கணக்கின் துல்லியம். தகவல் பல கணிப்பொறிகளில் பிரிந்து கிடக்கும்போது, “அதிகமாக வந்த பத்துக் கோளாறு எவை?” என்று கேட்டால், ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள முதல் சிலவற்றை மட்டும் அனுப்பும். எல்லா டிவிஷனும் தன் முதல் பத்தை மட்டும் தலைமையகத்துக்கு அனுப்புவது போல. எல்லா டிவிஷனிலும் பதினோராவதாக இருக்கும் கோளாறு, கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் முதலிடத்தில்கூட இருக்கலாம். ஆனால் அது பட்டியலிலேயே வராது. இதைச் சரிக்கட்ட, கேட்டதைவிடச் சற்று அதிகமாகவே அனுப்பச் செய்கிறார்கள். ஆயினும் தோராயம் தோராயம்தான். என் லேப்டாப் ஒன்றே ஒன்று, பதிவுகளும் 312 என்பதால் எனக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, செலவு. தலைகீழ் அட்டவணைக்கு இடம் வேண்டும். ஒவ்வொரு பதிவு வரும்போதும் அதைத் திருத்த நேரம் வேண்டும். எலாஸ்டிக் சர்ச்சில் புதிய பதிவு தேடலில் தெரியவே வழக்கமாக ஒரு வினாடி வரை ஆகும். கோளாறு ஆய்வுக்கு ஒரு வினாடி ஒன்றும் இல்லை. ஒரே பெர்த்தை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாத ரிஸர்வேஷனுக்கு அது சரிப்படாது. பணமும் டிக்கெட்டும் அட்டவணையில் இருக்கட்டும். மனிதர்கள் வாக்கியமாக எழுதுபவை உறையில் இருக்கட்டும்.

நான்காவதும் முக்கியமானதும், எழுதியது இருந்தால்தான் தேட முடியும். அன்று அந்த டிரைவர்கள் அலுப்போடு அலுப்பாக நாலு வரி எழுதினார்கள். கிளார்க் கோடு போட்ட பிறகு லாக் புக்கை எரித்திருந்தால் எந்த டேட்டாபேஸும் எதையும் மீட்டிருக்காது.

நம் சங்கத்திலும் பழைய உறுப்பினர் பதிவேடுகளையும் கூட்டக் குறிப்புகளையும் கணிப்பொறியில் ஏற்ற வேண்டும் என்று செயற்குழுவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் வேண்டுகோள் ஒன்றுதான். பெயர், சந்தா, ரசீது எண் ஆகியவற்றுக்குக் கட்டம் போடுங்கள். அதற்கு மேல் அந்தக் காலப் பெரியவர்கள் கையால் எழுதியிருப்பதை, யார் எந்த ஊரிலிருந்து வந்தார், யார் வீட்டில் முதலில் தங்கினார், யாருக்கு யார் ரத்தம் கொடுத்தார் என்பதையெல்லாம், சுருக்காமல் அப்படியே ஏற்றுங்கள். எந்தக் கேள்வி பிற்பாடு வரும் என்று இப்போது நமக்குத் தெரியாது.

அந்த ஃபிட்டர் இப்போது உயிரோடு இல்லை. தேதிவாரியாக வந்த பட்டியலை அச்செடுத்துச் சென்ற மாதம் அவர் மகனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவரும் ரயில்வேயில்தான் இருக்கிறார். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.